சாம்பலைப் போட ரோடா, ரோட்டைப் போட சாம்பலா?

ஏல மருமவனே, டெண்டர் உன் பேர்ல விழுந்துருச்சுன்னு டீக்கடையில சொன்னாக. சந்தோசம். மெயின் ரோட்டுல இருந்து நம்மூரு ஊருணிக்கரை வரைக்கும் 3 கிலோமீட்டர் தார் ரோடு. போன தடவை போட்ட காண்ட்ராக்டர் இப்ப எங்க இருக்கான்னு தெரியல. அவன் போட்ட ரோடும் எங்க இருக்குன்னு தெரியல. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போயிருப்பாக.

இதுல ஒரு புதுச் சங்கதி வேற. கரிசல் மண்ணுல அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கலந்து கெட்டிப்படுத்தி, அதுமேல ரோடு போடப் போறியாம். கழிவும் தீரும், ரோடும் நிக்கும், செலவும் கொறையும்னு எவனோ படிச்சவன் உன் காதுல ஓதியிருக்கான். ஒரே கல்லுல மூணு மாங்கா. விழட்டும், வேண்டாங்கல. கல்லு யார் தலையில போய் விழுதுன்னு பாக்கத்தான் மாமன் திண்ணையில உக்காந்திருக்கேன்.

முதல்ல உனக்கு லேசான வழியைச் சொல்லிருதேன். மேல்மண்ணைச் சுரண்டு. ரெண்டு நடை கிராவல் அடி. ஜல்லியைப் பரப்பி, ரோலரை ஒருதரம் உருட்டி, தாரைத் தெளி. ஐப்பசி மழை எறங்குறதுக்கு முந்தின நாள் போட்டோ எடுத்துப் பில்லைப் போட்டுரு. போட்டோவுல ரோடு பளபளன்னு இருக்கும். மழைக்குப் பெறவு எவன் போட்டோ எடுக்கப் போறான்?

ஆனா ஒரு சிக்கல். உன் வேலை பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்துல வந்தது. அதுல ரோட்டைப் போட்டவனே 5 வருசம் பராமரிக்கணும்னு கையெழுத்து வாங்கிக்கிடுவாக. கரிசல் 5 வருசமெல்லாம் பொறுத்துக்கிட்டு இருக்காது. ரெண்டு மழையும் ஒரு கோடையும் பாத்தாலே அது தன் கைவரிசையைக் காமிச்சிரும். பராமரிப்புக்குன்னு நீ எழுதிக்குடுத்த தொகை ஒரு மழைக்கே காணாது. அதனால நேர்மை, நாணயம்னெல்லாம் பேசி உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். உன் மடிக்காசு பத்திரமா இருக்கணும்னு ஆசை இருந்தா மேல கேளு.

கரிசலை உனக்குத் தெரியும்னு நெனைச்சுக்கிட்டிருக்க. அதுல நடந்து செருப்பைத் தொலைச்சதைத் தவிர உனக்கும் அதுக்கும் என்ன பழக்கம்? கோயில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், அருப்புக்கோட்டைன்னு இந்தச் சீமை முழுக்கப் பருத்திக்கும் மிளகாய்க்கும் மல்லிக்கும் உசிரு குடுக்குற மண்ணு. விழுந்த தண்ணியை விடாமப் பிடிச்சு வச்சுக்கிடும். வெள்ளாமைக்கு அந்தக் குணம் வரம். ரோட்டுக்கு அதே குணம்தான் எமன். மண்ணுக்குள்ள மான்ட்மோரில்லோனைட்டுன்னு ஒரு களிமண் கனிமம் இருக்கு. அதோட தகடுகளுக்கு நடுவுல தண்ணி பூந்தா மண்ணு வீங்கும், வெளியேறுனா சுருங்கும். சித்திரையில ஆட்டுக்குட்டி கால் மாட்டிக்கிடுற அளவுக்கு வெடிக்கிறதும், ஐப்பசியில அந்த வெடிப்பு போன எடம் தெரியாம மூடிக்கிடுறதும் அதனாலதான். மேல நீ போட்ட தாரும் ஜல்லியும் கூடவே ஏறி எறங்கணும். தாருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

நம்ம ஆளுகளுக்கு இது தெரியாமலா இருந்துச்சு? கரிசல்ல வீடு கட்டுறவன் சுக்காம்பாறை தட்டுற வரைக்கும் வாணம் தோண்டி, மணலை நெரப்பித்தான் செவரு எழுப்புவான். போன காண்ட்ராக்டருக்கும் தெரியும். ரோடு ஆரம்பிக்கிற எடத்துல திட்டப் பலகை நிக்குது பாத்தியா? அந்தப் பலகைக்கு மட்டும் ஆழமாக் குழி தோண்டி, கான்கிரீட் போட்டு நிறுத்தியிருக்கான். ஒரு நூல் சாயல. நீளம், மதிப்பீட்டுத் தொகை, அவன் பேரு எல்லாம் இன்னைக்கும் தெளிவாத் தெரியுது.

கரிசல் வீங்கும்னு மாமன் சொல்லித்தான் நம்பணும்னு இல்ல. ரெண்டு அளவுக் குழாய் எடு. காயவச்சுச் சலிச்ச மண்ணு 10 கிராம் இதுல, 10 கிராம் அதுல. ஒண்ணுல தண்ணி ஊத்து, இன்னொண்ணுல மண்ணெண்ணெய் ஊத்து. ஒருநாள் முழுக்க அசைக்காம வையி. மண்ணெண்ணெய்ல கெடக்குற மண்ணு போட்டபடி கெடக்கும். தண்ணியில கெடக்குறது பொங்கி ஏறி நிக்கும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் நூத்துக்கு 50-ஐத் தாண்டுச்சுன்னா அந்த மண்ணை ரோட்டு மேட்டுக்கு நெரப்பக்கூடாதுன்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துப் புஸ்தகத்துலயே இருக்கு. லட்சக்கணக்குல போடுற ரோட்டுக்கு ஒரு குப்பி மண்ணெண்ணெய்ல ஜாதகம் பாத்துரலாம். ஏன் யாரும் பாக்க மாட்டேங்குறாகன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். ரேஷன்ல மண்ணெண்ணெய் கண்ணுல படுறதில்லல்லா, அதனாலதான் இருக்கும்.

இன்னொரு பரீட்சை உண்டு. கலிபோர்னியாக்காரன் 1920-கள்ல கண்டுபிடிச்சது. மண்ணை அச்சுல இடிச்சு, 4 நாள் தண்ணியில ஊறப்போட்டு, ஒரு இரும்புத் தண்டால அமுக்கிப் பாப்பாக. அவுக ஊரு உடைகல்லுக்கு 100 மார்க்குன்னா, ஊறுன நம்ம கரிசல் பல எடத்துல 2 மார்க்குத்தான் வாங்கும். எங்க காலத்துல பள்ளிக்கூடத்துல அந்த மார்க்கு வாங்குனவன் மாடு மேய்க்கப் போயிருவான். இந்த மண்ணு மட்டும் எப்படியோ பாஸாகி ரோடாயிருது. மார்க்கு கொறையக் கொறைய மேல போடுற சரளும் ஜல்லியும் கனமா இருக்கணும். அவ்வளவு சரளுக்கு எந்தக் குன்றைத் தோண்டுறது? அதுக்குப் பதிலாக் கீழ கெடக்குற மண்ணையே திருத்திக்கிடலாம்னு வந்ததுதான் இந்த நிலைப்படுத்துற யோசனை. நல்ல யோசனை. நல்ல யோசனைன்னா நம்மூர்ல அதுக்கு என்ன கதி வரும்ங்கிறதுதான் என் கவலை.

இப்பச் சாம்பலுக்கு வாரேன். தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979-ல ஓட ஆரம்பிச்சது. பெறவு ஒண்ணொண்ணாச் சேந்து, 210 மெகாவாட்டுல 5 யூனிட்டு, மொத்தம் 1,050 மெகாவாட். நம்ம நாட்டு நிலக்கரியில நூத்துக்கு முப்பது, நாப்பது பங்கு சாம்பல். எரிக்க எரிக்கக் குமியும். 1999-ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவிக்கை போட்டுச்சு: நிலையத்தைச் சுத்தி 50 கிலோமீட்டருக்குள்ள செங்கல் அறுக்குறவுக களிமண்ணோட நூத்துக்கு 25 பங்காவது சாம்பல் சேத்துக்கிடணும்னு. பெறவு ரோட்டு மேடும் அந்தக் கணக்குக்குள்ள வந்துச்சு. 50 கிலோமீட்டர் 100 ஆச்சு, 100 போயி 300 ஆச்சு. 2021 டிசம்பர் 31-ல வந்த அறிவிக்கை இன்னும் ஒரு படி மேல போயி, தீராத சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூவா தண்டம்னு சொல்லிருச்சு.

நல்லா யோசிச்சுப் பாரு. அனல்மின் நிலையத்துக்காரவுகளுக்குச் சாம்பல் வெளியே போகலைன்னா தண்டம். உனக்குச் சாம்பல் சும்மா வருது, கொண்டாந்து சேக்குற செலவுலயும் அவுக பங்கு உண்டு. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாதும்பாக. நீ பிடிச்சுப் பாரு. சாம்பலைப் போட ரோடா, ரோட்டைப் போட சாம்பலா? இந்தக் கேள்வியை வேட்டி முந்தியில முடிஞ்சு வச்சுக்கிட்டு மேல போ.

பல்லைப் பாப்போம். தூத்துக்குடிச் சாம்பல்ல சுண்ணாம்புச் சத்து கொறைச்சல். அதைத் தனியாக் கரிசல்ல கலந்தா கொழகொழப்பு மட்டுப்படும், வீக்கமும் கொஞ்சம் அடங்கும். ஆனா இறுகாது. இறுகணும்னா சுண்ணாம்பு கூட்டணும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பல்ல சுண்ணாம்பு கூடுதல். தண்ணி பட்டாலே ஓரளவு தானா இறுகும். ரெண்டுக்கும் குணம் வேற. ஆனா லாரியில வரும்போது ரெண்டுக்கும் பேரு சாம்பல்தான், பில்லுலயும் சாம்பல்தான்.

வேலை செய்யுறது சுண்ணாம்பு, மருமவனே. சாம்பல் கூடமாட ஒத்தாசை. சுண்ணாம்புல உள்ள கால்சியம், களித்தகட்டுல ஒட்டிக்கிட்டிருக்குற சோடியத்தை வெளிய தள்ளிட்டு அந்த எடத்துல உக்காந்துக்கிடும். அன்னைக்கே களி பொலபொலன்னு உதிர ஆரம்பிச்சிரும். பெறவு வாரக்கணக்குல, மாசக்கணக்குல, காரம் ஏறுன ஈரத்துல களியிலயும் சாம்பல்லயும் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைஞ்சு சுண்ணாம்போட கூடி இறுகும். உன் பாட்டன் சுண்ணாம்போட செங்கல்பொடியைச் சேத்து இடிச்சு வீடு கட்டுனாரே, அதுவும் இதே சங்கதிதான். அவருக்கு எம்.டெக். கிடையாதுங்கிறதால யாரும் அதை ஆராய்ச்சின்னு சொல்லல.

என் பேத்தி சிவில் படிக்கா. இந்தக் கரிசலைத் திருத்துறதுக்கு அவ காலேஜுல பிள்ளைக எதையும் விட்டு வைக்கல. ஒருத்தி தேங்காநார், ஒருத்தன் பிளாஸ்டிக் பாட்டில் துண்டு, ஒருத்தன் சலூன் கடை முடி, ஒருத்தி முட்டை ஓட்டுப் பொடி. சின்ன அச்சுல இடிச்சுப் பாத்து நல்லாத்தான் எழுதுதாக. நான் ஒரு கணக்குத்தான் கேட்டேன். 1 கிலோமீட்டர் ரோடு, 3.75 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணைத் திருத்தணும்னா 1,125 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.6 டன்னுன்னு வச்சா 1,800 டன் மண்ணு. அதுல நூத்துக்கு 5 பங்கு முட்டை ஓடுன்னா 90 டன். ஒரு முட்டையோட ஓடு அஞ்சரை கிராம் இருக்குமா? வகுத்துப் பாரு. 1 கோடியே 60 லட்சம் முட்டைக்கு மேல போகும், 1 கிலோமீட்டருக்கு! நாமக்கல்லுல இருந்து எறக்கிரலாம், பாதகமில்ல. ஆம்லெட்டை யாரு திங்குறதுன்னு டெண்டர்ல ஒரு ஷரத்து சேத்துக்கிடணும், அவ்வளவுதான். இத்தனைக்கும் முட்டை ஓடு சுட்ட சுண்ணாம்பு இல்ல. வெறும் கால்சியம் கார்பனேட்டு. சுடாத அந்தப் பொடி கரிசலோட பேச்சுவார்த்தைக்கே வராது.

காகித ஆலைச் சுண்ணாம்புச் சகதியிலயும் இதே ஏமாத்துதான். பேர்ல சுண்ணாம்பு இருக்கும், உள்ள பெரும்பகுதி அதே கார்பனேட்டு. ஆனா அசிட்டிலீன் வாயு தயாரிக்குற எடத்துல, கார்பைடுல தண்ணி ஊத்தி வாயு போன பெறவு மிஞ்சுற வெள்ளைச் சகதி இருக்கு பாரு, அது நீத்த சுண்ணாம்பேதான். சாம்பலுக்கு ஜோடி தேடுறவன் அங்க போயிப் பாக்கலாம். அதைப் பத்தி நம்ம பக்கம் பேச்சையே காணோம். தண்டம் போட்டு யாரும் இன்னும் அறிவிக்கை விடலையோ என்னமோ.

உமிச் சாம்பல் கெட்டிக்காரச் சரக்கு, நூத்துக்கு 85 பங்குக்கு மேல சிலிக்கா. பக்குவமான சூட்டுல எரிச்சாத்தான் அதுக்கு அந்தக் குணம் வரும். அதுக்கும் கணக்குப் போடு: நெல்லுல அஞ்சுல ஒரு பங்கு உமி, உமியில அஞ்சுல ஒரு பங்கு சாம்பல். 1,800 டன் மண்ணுக்கு நூத்துக்கு 10 பங்கு வேணும்னா 4,500 டன் நெல்லு அரைபடணும். தாமிரபரணிக்கரைக்காரன் கேட்டா சிரிச்சுக்கிட்டே சரிம்பான். நாம கம்பும் சோளமும் வெதைக்குற சீமை.

அதனால அளவுன்னு பாத்தா தூத்துக்குடிச் சாம்பல்தான் நமக்குத் தோது. நூத்துக்கு 20 பங்கு போட்டாலும் கிலோமீட்டருக்கு 360 டன். அங்க குமிஞ்சு கெடக்குறதுல அது ஒரு மூலைக்குக் காணாது. மாமன் சாம்பலுக்கு விரோதி இல்லைன்னு இப்பவாவது நம்புதியா?

இனி வேலை. எஸ்டிமேட்டுல மண்ணைப் பொடியாக்கிக் கலக்கணும்னு ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் உன் லாபத்தைத் திங்கப் போகுது. காஞ்ச கரிசல்கட்டி கடப்பாரையை எதுத்து நிக்கும். நனைஞ்சா அப்பிக்கிடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பதம் உண்டு. உழவு ஓட்டுறவனுக்குத் தெரியும். அந்தப் பதத்துல சட்டிக்கலப்பையால உழுதுட்டு, ரோட்டாவேட்டரை நாலு சால் ஓட்டு. நம்மூர்ப் பயலுக டிராக்டரையே வாடகைக்குப் பிடி, அவனுகளும் சும்மாத்தான் ரீல்ஸ் பாத்துக்கிட்டு இருக்கானுக. கட்டியை உடைக்காமச் சுண்ணாம்பையும் சாம்பலையும் தூவுனா, கட்டிக்கு மேல்தோல் மட்டும் வெளுக்கும். உள்ள இருக்குற களி ஒரு சேதாரமும் இல்லாம மழைக்குக் காத்துக்கிட்டு இருக்கும். ஆனா போட்டோவுல வெள்ளை நல்லாத் தெரியும், அதையும் சொல்லிருதேன்.

சுண்ணாம்பு நூத்துக்கு 4 பங்கா, 6 பங்கான்னு உன் மண்ணைச் சோதிச்சுத்தான் முடிவு பண்ணணும். பக்கத்துத் தாலுகாவுல போட்ட அளவை இங்க எடுத்துக்கிட்டு வராத. வாங்குன சுண்ணாம்பை மூடாம மாசக்கணக்காப் போட்டு வைக்காத. காத்துல உள்ள கரியமில வாயுவைக் குடிச்சுக் குடிச்சு அது மறுபடியும் முட்டை ஓடாயிரும். அள்ளுற ஆளுகளுக்குக் கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் வாங்கிக்குடு. சுண்ணாம்பு கண்ணுல பட்டா எரிச்சலோட போகாது, பார்வையே போயிரும்.

கலந்த உடனே ரோலரை ஏத்தாத. ஈரம் போகாம ஒருநாள், ரெண்டுநாள் மூடி, தோசை மாவைப் புளிக்க விடுற மாதிரி விட்டு வையி. மறுபடி ஒருதரம் கலந்து, பெறவு அமுக்கு. அமுக்குன பெறவும் ஒரு வாரம் காயவிடாமத் தண்ணி தெளிச்சுக்கிட்டே இரு. அந்த ஒரு வாரமும் லாரி ஏறக்கூடாது. இதைக் கேக்கும்போது உன் மூஞ்சி போற போக்கைப் பாரு! மாவு புளிக்கிறதுக்குள்ள பில்லு புளிச்சிருமேன்னு பயப்படுத.

குப்பைக்குள்ளயே கூட்டுச் சேரக்கூடாத குப்பையும் உண்டு. தூத்துக்குடியில உரத் தொழிற்சாலைக் கழிவா பாஸ்போஜிப்சம் குமிஞ்சு கெடக்கு. இதையும் ஒரு லோடு சேத்துக்கிடுங்கன்னு எவனாவது வருவான். சல்பேட்டு இருக்குற களியில சுண்ணாம்பைக் கலந்தா, ஈரத்துல எட்ரிங்கைட்டுன்னு ஒரு ஊசிப் படிகம் வளரும். வளந்து ரோட்டையே தூக்கும். அமெரிக்காவுல லாஸ் வேகாஸ்ல 1970-கள்ல ஒரு ரோடு, சுண்ணாம்பு போட்டுக் கெட்டிப்படுத்துன கொஞ்ச காலத்துலயே இப்படி வீங்கி எந்திரிச்சது. அது சூதாட்ட ஊரு, தோத்த காசைப் பத்திக் கவலைப்பட மாட்டாக. நீ மண்ணுல சல்பேட்டு இருக்கான்னு பாத்துட்டுச் சுண்ணாம்பு மூட்டையைப் பிரி.

அப்புறம் ஊருணி. சாம்பல்ல ஆர்சனிக்கு, குரோமியம், ஈயம்னு கொஞ்சம் கொஞ்சம் உண்டு. சுண்ணாம்போட இறுகிப் போச்சுன்னா பெரும்பாலும் உள்ளேயே கெடக்கும். சாம்பல் மாவாட்டம் பொடி, பிடிமானம் கிடையாது. இறுகாமக் கெடந்தா, சரிவுல மண்ணு போட்டு மூடாம விட்டா, ஒரே மழையில அரிச்சுக்கிட்டு ஊருணிக்குள்ள எறங்கிரும். தூத்துக்குடிப் பக்கம் உப்பாத்து ஓரமாத் தாமிரக் கசடைக் கொட்டி, அது கோர்ட்டு வரைக்கும் போன கதையை நீயும் பேப்பர்ல படிச்சிருப்ப. நிலத்தை மேடாக்க நல்ல சரக்குன்னுதான் அதையும் கொண்டாந்தாக. அதனால ஊருணிக்கரைக்கு முந்துன கடைசி பர்லாங்குல சாம்பல் வேண்டாம். வெளிய இருந்து செம்மண் சரள் கொண்டாந்து போடு. எஸ்டிமேட்டுல இல்லையேம்ப. எஸ்டிமேட்டுப் போட்டவர் கேன் தண்ணி குடிக்கிறவர்.

பிளாஸ்டிக் ரோடு போட்டா என்னன்னு உன் பெஞ்சாதி கேட்டாளாமே. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்ட வழி அது. 2018-ல பத்மஸ்ரீ குடுத்தாக. சூடான ஜல்லி மேல பிளாஸ்டிக்குத் துண்டைத் தூவி, அது உருகி ஒட்டுன பெறவு தாரோட கலக்குறது. ஜல்லியும் தாரும் நல்லாப் பிடிச்சுக்கிடும், தண்ணி சுலபமா எறங்காது. தாராளமாப் போடு. ஆனா அது மேல்தளத்துச் சங்கதி. ரெண்டடிக்குக் கீழ கரிசல் புரண்டு படுக்கும்போது மேல இருக்குறது பிளாஸ்டிக்கா, தங்கமான்னு அது கேக்காது.

ஓரத்தை மட்டும் விட்டுறாத. கரிசல் ரோட்டுல வெடிப்பு மொதல்ல நடுவுல வராது, ஓரத்துல நீளவாக்குல வரும். நடுவுல தாருக்கு அடியில ஈரம் அதிகம் மாறாது. ஓரத்து மண்ணுதான் மழைக்கு வீங்கி வெயிலுக்குச் சுருங்கும். வேலிக்கருவை நின்னா அது வேரை விட்டு உறிஞ்சி இன்னும் காயப்போடும். அதனால மண்ணைத் திருத்துறது தார் அகலத்தோட நிக்காம ரெண்டு பக்க ஓரத்துக்கும் போகணும். நான் போட்ட கணக்கு தார் அகலத்துக்கு மட்டும்தான், கூட்டிக்கிடு. தண்ணி நிக்காம ஓட வாய்க்கா வெட்டு. நம்ம ரோடுகளுக்கு எஸ்டிமேட்டுல வாய்க்கா இருக்கும், அளவெழுதுற எம்-புக்குல வாய்க்கா இருக்கும், பூமியில மட்டும் இருக்காது.

எப்ப ஆரம்பிக்கிறதுன்னு கேப்ப. ஐப்பசி, கார்த்திகையில கையை வைக்காத. தை கழிஞ்சு வெள்ளாமை வீடு வந்த பெறவு, மாசியில மண்ணைக் கிளறு. ஆனா அப்ப ஆபீஸ்ல இருந்து போன் வந்துக்கிட்டே இருக்கும், மார்ச் 31-க்குள்ள முடிச்சுப் பில்லைக் குடுன்னு. ஒரு வாரம் தண்ணி தெளிக்கணும், சுண்ணாம்பு இறுகணும்னு சொல்லிப் பாரு. கேக்கலைன்னா ரெண்டு மூட்டைச் சுண்ணாம்பைக் கொண்டுபோயி ஆபீஸ் வாசல்ல எறக்கி வச்சிரு. நிதியாண்டு முடியுறதுக்குள்ள இறுகிரணும்னு அதுக்கே நேரா ஒரு நோட்டீசு குடுக்கட்டும்.